கொல்லைக் குளத்து ஜலமும் கடலோரக் கிணறும்

செங்கற்பட்டு ஜில்லாவின் கடற்கரைப் பாகத்தில், கோவளம் முதல் மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையிலுள்ள தோப்புகளிலும், தோட்ட வீடுகளிலும், யாத்ரிகர் விடுதிகளிலும் வர்ணக் கெண்டைகளை விட்டு வளர்க்கும் சிறு குளங்கள் ஆங்காங்கே காணப்படுகின்றன. கோய் என்னும் ஜப்பானியப் பெயரால் வழங்கும் இம்மீன்கள் சிவப்பும் வெண்மையும் கருமையும் பொன்னிறமுமாய்ப் பார்வைக்கு இரம்மியமானவை. பல ஆண்டுகள் உயிர்வாழ்வன. உணவிடுபவரின் கையையே வந்து முகரும் சாதுவான பிராணிகள். வசதியுள்ள மிராசுதார் ஒருவர் தம் கொல்லையில் இவற்றை வளர்ப்பதைக் குறைகூற இடமில்லை. ஆனால் குளத்து நீரைத் தெளிவாக வைத்துக்கொள்ளப் பலர் கையாளும் முறைதான் ஆட்சேபத்துக்குரியது. ஜலம் பச்சையாகி அடி தெரியாமற் போனவுடன் முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டு, கிணற்று மோட்டாரைப் போட்டுப் புதிதாக நிரப்பிவிடுகிறார்கள். பத்து நாளில் மறுபடியும் பச்சை, மறுபடியும் இறைப்பு. இவ்வழக்கம் மீனுக்கும் கேடு, கிணற்றுக்கும் கேடு, பக்கத்து நிலத்தாருக்கும் கேடு. தக்க வடிகட்டியை முதலிற் கட்ட மனமில்லாதவர் இம்மீனை வாங்காதிருப்பதே உசிதம்.

கிணற்றுக்குக் கேடு எவ்வாறு என்பதை முதலிற் பார்க்கலாம். மேற்படி கடற்கரையானது கிழக்கே சமுத்திரத்துக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட மணற்பாங்கான பூமி. மழைக்காலத்தில் மணலில் இறங்கும் நல்ல நீர், அடியிலுள்ள கனமான உப்புநீரின்மேல் பாலின்மீது ஆடைபோல் மிதந்து நிற்கிறது. ஹாலந்து தேசத்துக் கைபென் என்பவரும், பின்னர் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தத்தம் நாட்டுக் கடலோரங்களை ஆராய்ந்து சுமார் 1890 முதல் 1900 வரையிலான காலத்திற் கண்டறிந்த கணக்கொன்று உண்டு. கடல்மட்டத்துக்குமேல் நல்ல நீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரையில் நல்ல நீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அபாயம் விளங்கும். இறைப்பினால் மேல்மட்டம் நிலையாக ஓரடி தாழ்ந்துபோமாயின், கீழிருந்து உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலேறிவிடக்கூடும். கிணற்றில் ஒருமுறை உவர் ஏறிவிட்டால் அது நீங்கப் பல மழைக்காலம் வேண்டும். அதற்குள் தென்னை ஓலை நுனி கருகும், மணிலாவும் கத்தரியும் முளைப்பிலேயே சோரும்.

பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் நடுத்தரமான குளமொன்றை வாரந்தோறும் காலிசெய்து நிரப்புகிறவர் வருஷத்தில் 5,20,000 லிட்டர் இறைக்கிறார். நல்ல வடிகட்டி உடையவர் வாரத்துக்குப் பத்திலொரு பங்கு மாற்றினாற் போதும். அவருக்குச் செலவு 52,000 லிட்டர். வெயிலில் ஆவியாவது இருவருக்கும் பொது. வித்தியாசமாகிய 4,68,000 லிட்டர் ஜலம் ஓர் ஏக்கர் நிலத்துக்கு இரண்டு அங்குல ஆழமுள்ள பாய்ச்சல் இரண்டு கொடுத்து மிச்சமும் ஆகும். அழகுக்காக வளர்க்கும் இருபது மீன்கள் ஒருவருடைய பயிரின் பாய்ச்சலைக் குடித்துவிடுவது நியாயமாகாது. தனக்குச் சொந்தமான கிணறுதானே என்று வாதிப்போர் உண்டு. கிணற்றின் சுவர் சொந்தமாயிருக்கலாம். மணலுக்கடியிலுள்ள நீர் எல்லைக்கல்லை அறியாது.

இம்மீனின் பூர்வோத்தரம் விவசாயிகளுக்குச் சுவாரசியமானது. கோய் என்பது அரண்மனையிற் பிறந்த மீனன்று. ஜப்பானில் நீகாட்டா மாகாணத்து மலைக்கிராமங்களில் நெல் பயிரிட்ட குடியானவர்கள், பனிக்காலத்தில் உணவுக்காகும்படி வயலுக்குப் பாயும் தண்ணீர்த் தேக்கங்களில் சாதாரணக் கெண்டைகளை வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவற்றிடையே செம்மையும் வெண்மையுமான சில குஞ்சுகள் தோன்றவே, அவற்றைத் தின்னாமல் பிரித்துவைத்து இனம் பெருக்கினர். 1914இல் டோக்கியோ நகரத்துப் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பிறகே இவற்றின் கீர்த்தி நாடெங்கும் பரவியது. இதே சாதாரணக் கெண்டையின் மற்றொரு வகை 1939இல் இலங்கையிலிருந்து உதகமண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகவே இம்மீனின் உறவினம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. குடியானவர் வளர்த்த மீனுக்கே உரிய சுபாவம் ஒன்று இன்னமும் இதனிடம் உண்டு: சேற்றை மூக்காற் கிளறி இரை தேடுவது. அடியில் மண் உள்ள குளத்தில் கோய் விட்டால் தெளிந்த நீரைக் காண ஆசைப்படுவது வீண். அது குளத்தின் குற்றமன்று, மீனின் தொழில்.

இங்கே அனுபவசாலிகளான குடிகள் ஓர் ஆட்சேபம் கூறக்கூடும். மதுராந்தகம் ஏரியிலும் மற்ற ஏரிகளிலும் கணக்கற்ற மீன்கள் வளர்கின்றனவே, அங்கெல்லாம் எவர் வடிகட்டி வைத்தார்? கேள்வி நியாயமானதே. விடை மீனுக்கும் நீருக்குமுள்ள விகிதத்தில் இருக்கிறது. எருவும் தீனியுமிட்டு நன்றாக நடத்தப்படும் ஒரு ஹெக்டேர் வளர்ப்புக் குளத்தில், ஐந்தடி ஆழ நீரில், அறுவடைச் சமயத்தில் இரண்டாயிரம் கிலோ மீன் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ மீனுக்கு ஏழாயிரம் லிட்டருக்குக் குறையாத ஜலம் இருக்கும். ஏரியில் இன்னும் அதிகம். கொல்லைக் குளத்திலோ ஒரு கிலோவுக்கு ஆயிரம் லிட்டர் இருந்தால் பெரிது. பல இடங்களில் அதிற் பாதியும் இல்லை. அன்றியும் ஏரிக்கு வண்டலும் நாணலும் கோரையும் உண்டு. அந்த வண்டலே அதன் வடிகட்டி. சிமெண்டு பூசிய தொட்டியில் அந்த ஏற்பாடு எதுவும் இல்லையாகையால், இயற்கை செய்யும் வேலையை வேறொரு தொட்டியில் செயற்கையாய் அமைத்துக் கொடுக்கவேண்டியதாகிறது.

அவ்வேலை யாதென்பதை அறிந்தாலொழிய வடிகட்டியைச் சரியாகக் கட்ட முடியாது. மீன் உண்ணும் தீனியிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி, அதன் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளிப்பட்டு நீரிற் கலக்கிறது. இது கண்ணுக்குத் தெரியாது. நீர் பளிங்குபோல் இருக்கும்போதே மீனைக் கொல்லவல்லது. நீரிலும் கல்லிலும் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் விஷமே. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக்குகிறது. இது மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்வதன்று, பயிருக்கு உணவு. ருஷியரான வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டி இந்நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். ஆயினும் இவற்றின் வேலையைக் கிராமத்தார் அதற்கு வெகுகாலம் முன்னதாகவே கண்ணாற் கண்டிருக்கின்றனர். பழைய மாட்டுக்கொட்டிலின் சுவரடியில் வெண்மையாகப் பூக்கும் வெடியுப்பு இவ்வுயிர்கள் செய்துவைத்ததே. கொட்டிலில் மூத்திரத்தை உப்பாக்கும் அதே நுண்ணுயிர்தான் குளத்து வடிகட்டியிலும் குடியேறவேண்டியது. வடிகட்டி என்றவுடன் மாவு சலிக்கும் சல்லடையை எண்ணிக்கொள்வோர் ஏமாந்துபோகிறார்கள். அழுக்கைத் தடுப்பது அதன் சிறு வேலை. உயிருள்ள ஒரு கூட்டத்துக்கு வீடாயிருப்பது பெருவேலை.

தலைக்கு அரைக்கிலோ எடையுள்ள இருபது மீன்கள் பத்தாயிரம் லிட்டர்க் குளத்தில் இருப்பதாகக் கொள்வோம். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு தீனியிட்டால் நாளொன்றுக்கு 150 கிராம். அதில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது 4.5 கிராம் தழைச்சத்து, அம்மோனியாவாக நீரிற் சேரும். வடிகட்டி இல்லாவிடில் நான்கே நாளில் லிட்டருக்கு 1.8 மில்லிகிராம் ஆகிவிடும். இவ்வளவும் ஒரே விதமான விஷமல்ல. நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 7 ஆகவும் வெப்பம் 30 டிகிரியாகவும் இருக்கும்போது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே கொடிய வடிவில் இருக்கும். எண் 8 ஆனால் ஏழரைப் பங்கு. 9 ஆனால் நாற்பத்தைந்து பங்கு. பாசி நிறைந்து பச்சையான குளத்தில் பிற்பகல் வெயிலிலே இவ்வெண் ஏறுவதும், விடியற்காலையில் பிராணவாயு குறைவதும் இயல்பு. பகலில் விஷமும் விடியலில் மூச்சுத்திணறலுமாக இருபுறமும் தாக்குண்ட மீன், காலையில் மிதப்பதைக் கண்டு வீட்டுக்காரர் கண்ணேறு என்கிறார்.

சுத்தமான நீருக்கு உயிருள்ள வடிகட்டி என்னும் கருத்து இந்த ஜில்லாவுக்குப் புதிதன்று. புழல் ஏரி, அதாவது செங்குன்றம் ஏரி, முற்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததாயிருந்தது. 1872 முதல் அவ்வேரி நீர் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து சென்னை நகரத்தாருக்கு வழங்கப்பட்டது, வடிகட்டப்படவில்லை. கோய் மீன் டோக்கியோவில் காட்சிக்கு வந்த அதே 1914ஆம் ஆண்டில், கீழ்ப்பாக்கத்தில் மெதுமணல் வடிகட்டிகள் அமைந்தன. மணலின் மேற்பரப்பில் சில நாளில் வழுவழுப்பான மெல்லிய ஏடு ஒன்று படிகிறது. நோய்க்கிருமிகளைப் பிடித்து நிறுத்துவதில் முக்கிய பங்கு அவ்வுயிருள்ள ஏட்டுக்கே உரியது. ஏடு மிகத் தடித்து நீர் இறங்காதபோது மேல்மணலைச் சுரண்டி எடுப்பார்கள். மணல் முழுவதையும் ஒருங்கே மாற்றமாட்டார்கள்.

ஆனால் அந்த மணற்படுகையை அப்படியே கொல்லையிற் கட்டிவிடலாமா என்றால் கூடாது. மெதுமணலில் நீர் மணிக்குப் பதினைந்து சென்டிமீட்டர் அளவே இறங்கும். மேற்சொன்ன குளத்து நீர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டிக்குள் சென்று திரும்பவேண்டுமாகையால், மணிக்கு ஐயாயிரம் லிட்டர் வடியவேண்டும். அதற்கு முப்பத்துமூன்று சதுர மீட்டர் மணற்பரப்பு தேவை. குளத்தின் பரப்போ எட்டு சதுர மீட்டர்தான். அன்றியும் மீன் மலமும் தீனித்துகளும் மணலை இரண்டு நாளில் அடைத்துவிடும். ஆகையால் தத்துவத்தை மட்டும் கீழ்ப்பாக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அமைப்பை வேறுவிதமாகச் செய்யவேண்டும்.

குளத்தை வெட்டும்போதே அடித்தளத்தை நடுவை நோக்கிச் சரியவிட்டு, மத்தியில் நான்கு அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்து விடுவது முதற்காரியம். இதைப் பின்னால் செய்வதென்பது தளத்தை உடைப்பதாகும். குழாய் வழியாக அழுக்கு நீர், குளத்து மட்டத்திலேயே பக்கத்தில் கட்டப்பட்ட தொட்டிக்குத் தானாகவே சென்று சேரவேண்டும். அத்தொட்டியின் முதல் அறையில் எந்தப் பொருளும் போடலாகாது. நீர் அங்கே பத்து நிமிஷமாவது அமைதியாக நிற்க வேண்டும். ஐயாயிரம் லிட்டர் ஓட்டத்துக்கு ஒன்பது நூறு லிட்டர் அறை சரியாகும். கனமான மலம் இங்கே அடியிற் படியும். வாரம் இருமுறை அடைப்பானைத் திறந்து வெளியேற்றலாம். இந்த வெறும் அறையைக் கட்டாமல் மிச்சம் பிடிப்பவர்களே பெரும்பாலும் பின்னர் வடிகட்டியால் பயனில்லை என்று சொல்கிறவர்கள். இரண்டாவது அறையில் நார்த்தூரிகைகள் அல்லது தடித்த நார்ப்பாய்கள் மிதக்கும் தூசியைப் பிடிக்கும். மூன்றாவதுதான் நுண்ணுயிர்களின் வீடு. கீழே இடைவெளி விட்டுக் கம்பித்தட்டு வைத்து, அதன்மேல் முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லி இரண்டடி உயரம் நிரப்பலாம். இப்பிரதேசத்தில் ஜல்லிக்குப் பஞ்சமில்லை. கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் சக்கரங்கள் அதே இடத்தில் ஜல்லியைவிடப் பல மடங்கு பரப்புத் தருவன, கழுவவும் எளியன; பணம் இருப்பவர் அவற்றை வாங்கலாம். கடல் மணலையும் கிளிஞ்சல் கலந்த கடற்கரைச் சரளையையும் உப்பறக் கழுவாமற் போடலாகாது. பம்பு கடைசி அறையில் இருக்கவேண்டும். அதைக் குளத்திலேயே வைத்தால், முழுசாக இருந்த அழுக்கை அரைத்துக் கூழாக்கி வடிகட்டிக்கு அனுப்பும். திரும்பும் நீர் ஓரடி உயரத்திலிருந்து குளத்தில் விழும்படி செய்தால் பிராணவாயு சேரும். அறைகள் யாவும் சேர்ந்து குளத்துக் கொள்ளளவில் நாலிலொரு பங்குக்குக் குறையாமல் இருப்பது நலம்.

இவ்வளவும் கட்டிய மறுநாளே இருபது மீனைக் கொண்டுவந்து விடுவது பெரும் பிசகு. ஜல்லி புதியது, அதில் இன்னும் எவ்வுயிரும் குடியேறவில்லை. நுண்ணுயிர்க் கூட்டம் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரையில் இரண்டு மூன்று சிறு மீன்களை மட்டும் விட்டு, கொஞ்சமாகத் தீனியிட்டு, அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதிக்கும் மருந்துப்பெட்டியால் வாரம் இருமுறை நீரைப் பார்த்து வரவேண்டும். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பின்னர் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் இல்லாமற்போன பிறகே மற்ற மீன்களை நாலைந்தாகச் சேர்க்கலாம். சென்னைக்கருகே கொளத்தூரில் வர்ண மீன்களைச் சிமெண்டுத் தொட்டிகளில் பெருக்கி விற்கும் தொழில் குடும்பத் தொழிலாகவே பரவியிருக்கிறது. அங்கே மீன் வாங்கச் செல்வோர், பழகிய வடிகட்டியிலிருந்து ஒரு படி ஜல்லியோ ஒரு துண்டு நார்ப்பாயோ கேட்டு வாங்கி, நீரிலேயே நனைத்துக் கொணர்ந்து தம் தொட்டியில் இடுவாராயின், பாலுக்கு உறைமோர் இட்டதுபோலக் காரியம் விரைவாக ஆகும். நோயற்ற தொட்டியிலிருந்து மட்டுமே இவ்வாறு எடுக்கவேண்டும்.

வடிகட்டியைக் கழுவும் விஷயத்தில் சுத்தத்தில் பிரியமுள்ளவர்களே அதிகமாகத் தவறு செய்கிறார்கள். பழுப்பேறிய ஜல்லியைக் கண்டு அருவருப்புற்று, வெயிலிற் கொட்டி, குழாய் நீரால் தேய்த்து, சிலர் வெளுப்புத்தூளும் போட்டு, பளபளவென்று திருப்பி வைக்கிறார்கள். அன்றோடு அந்த வடிகட்டி செத்தது. அந்தப் பழுப்பேடே அதன் ஜீவன். தூசியடைந்த பாய்களைக் குளத்து நீரில் அலசினாற் போதும். மூன்றாவது அறையை அடைப்பு ஏற்பட்டாலன்றித் தொடவேண்டாம். தொட நேர்ந்தால் ஒரு பாதியை மாத்திரம் இலேசாக அலசி, மறுபாதியை ஒரு மாதம் கழித்துச் செய்வது முறை.

தெளிவுக்காகக் கையாளப்படும் குறுக்குவழிகளையும் சொல்லவேண்டும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பது இந்நாட்டின் பழைய நல்ல வழக்கம். குடிநீர்க் குடத்துக்கு அது தகும். குளத்தில் அது மண் கலங்கலை அடியில் இறக்குமேயன்றி அம்மோனியாவைத் தொடாது. இறங்கிய மண்ணைக் கெண்டை மறுநிமிஷம் கிளறிவிடும். படிகாரமும் அப்படியே, மேலும் அது நீரின் காரச்சத்தைத் தின்றுவிடும். மயில்துத்தம் பாசியைக் கொல்லும், அளவு சற்று மிஞ்சினால் மீனையும் கொல்லும். செத்த பாசி அழுகிப் பிராணவாயுவை உறிஞ்சுவது தனிக் கேடு. வெளுப்புத்தூள் மீனுள்ள குளத்தில் எவ்விதத்திலும் ஆகாது. ஊதாக்கடந்த கதிர் விளக்கென ஒன்று விற்கப்படுகிறது. அது பச்சை நீரைச் சில நாளில் தெளியவைப்பது மெய்யே. ஆனால் அம்மோனியாவை அது ஒன்றும் செய்வதில்லை. வடிகட்டியோடு துணையாக வைத்துக்கொள்ளலாம், வடிகட்டிக்குப் பதிலாக அன்று. இவ்விளக்கைவிடக் குளத்தின் பாதியில் ஒரு பந்தலோ நிழல்வலையோ இடுவது மலிவு. சித்திரை வைகாசி வெயிலில் மீனுக்கும் அதுவே சுகம்.

பாசி வளர்வதற்கு மூலகாரணம் தீனியின் மிகுதியே. கோய்க்கு இரைப்பை கிடையாது. சிறுகச்சிறுக அடிக்கடி உண்ணும் ஜாதி. கேட்டபோதெல்லாம் கேட்கும். விருந்தினர் குழந்தைகள் ரொட்டியும் பொரியும் வாரிப் போடுவதைக் கண்டிப்பாய்த் தடுப்பவர் வீட்டுக் குளத்தில் நீர் தானாகவே பாதி தெளியும்.

இக்கடற்கரையின் பருவங்களுக்கேற்ற எச்சரிக்கைகள் சில உண்டு. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலைக்கு நுண்ணுயிர்கள் பிராணவாயுவையும் காரச்சத்தையும் செலவிடுகின்றன. முன்சொன்ன 4.5 கிராமுக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் பிராணவாயுவும், சுண்ணாம்புக் கணக்கில் சுமார் 32 கிராம் காரச்சத்தும் வேண்டும். கிணற்று நீர் கடினமானதாயிருந்தால் இக்காரச்சத்தை வாராந்தர மாற்று நீரே கொடுத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பெய்து குளம் நிரம்பி வழியும்போதுதான் ஆபத்து; மழைநீரில் அச்சத்து இல்லை. அப்போது வடிகட்டியின் வேலை திடீரென்று நின்றுவிடக்கூடும். வலைப்பையில் கட்டிய சிப்பி ஓடுகளைக் கழுவி மூன்றாம் அறையில் தொங்கவிட்டிருந்தால் அவை வேண்டுமளவு மெல்லக் கரைந்து கொடுக்கும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவது தவறு, பி.எச். எண் ஒரேயடியாகத் துள்ளி, இருக்கும் அம்மோனியா முழுவதும் கொடிய வடிவை அடையும்.

மின்சாரம் நிற்பது இதைவிடப் பெரிய கவலை. 2022ஆம் வருஷம் டிசம்பர் 9ஆந்தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகேதான் கரையைக் கடந்தது. அத்தகைய இரவுகளில் பம்பு நின்று சில மணி நேரமானால் ஜல்லிக்கிடையே நின்ற நீரில் பிராணவாயு தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுக்குழல் ஒன்றை மூன்றாம் அறையிலும் ஒன்றைக் குளத்திலும் இட்டுவிட்டால் ஓரிரவைக் கடத்திவிடலாம். புயல் எச்சரிக்கை வந்த அன்றே தீனியை நிறுத்திவிடவேண்டும். ஒரு வாரம் உண்ணாவிட்டாலும் வளர்ந்த மீனுக்குக் குறைவு வராது. மின்சாரம் திரும்பியதும் பம்பை உடனே முடுக்குவது அவசரபுத்தி. வடிகட்டியில் ஊறி நாறிய நீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகே ஓட்டவேண்டும்.

வெளியே விடும் நீர் எங்கே போகிறது என்பதில்தான் விவசாயிக்கும் வேடிக்கைக்காரருக்கும் வித்தியாசம் தெரியும். மேற்படி குளத்தின் மீன்கள் வருஷத்தில் சுமார் 55 கிலோ தீனியுண்டு, ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட தழைச்சத்தை நீரில் விடுகின்றன. தமிழ்நாட்டில் காய்ப்புத் தென்னை ஒன்றுக்கு வருஷத்துக்கு 560 கிராம் தழைச்சத்து சிபாரிசு செய்யப்படுகிறது. ஆக, முழுவதும் வீணாகாமற் சேருமாயின் ஏறக்குறைய மூன்று தென்னையின் தழைச்சத்து இக்கழிவில் உண்டு. பிரமாதமான லாபமென்று சொல்வதற்கில்லை. தெருவில் விட்டுக் கொசுவை வளர்ப்பதற்குப் பதில் வட்டப்பாத்தியில் விட்டால் நஷ்டமில்லை என்பதே சொல்லக்கூடியது. உவர் சற்று உள்ள நீரைத் தென்னை பொறுக்கும். வாழைக்கு யோசித்துப் பாய்ச்சவேண்டும். நைட்ரேட்டைக் குளத்திலேயே குறைக்க விரும்புவோர், திரும்பும் நீரை ஒரு நீளத்தொட்டி வழியாக விட்டு அதில் கல்வாழை, சேம்பு, வெட்டிவேர், வள்ளைக்கீரை இவற்றை ஜல்லியில் நட்டு வளர்க்கலாம். குளத்துக்குள் நட்டால் கெண்டை வேரைத் தின்றுவிடும். ஆகாயத்தாமரை நன்றாக நீரைச் சுத்திசெய்யுமென்பது உண்மையாயினும், ஒரு செடி ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் பாசனக்காரர் எல்லோரும் படும் பாட்டை எண்ணி அதை விலக்குவதே தர்மம்.

கிராம நிர்வாக அதிகாரிகளும் ஊராட்சி மன்றத்தாரும் இதில் கவனிக்கவேண்டியவை உண்டு. 1939ஆம் வருஷத்துப் பொதுச்சுகாதாரச் சட்டத்தில் கொசுத்தடுப்புக்கென்றே ஏற்பாடுகள் இருக்கின்றன. மீனுள்ள குளத்தில் கொசுப்புழு நிலைப்பதில்லை. ஓட்டம் நின்றுபோன வடிகட்டி அறைகளிலும், பம்புக்குழியிலும், கைவிடப்பட்ட குளங்களிலும்தான் அது பெருகுகிறது. ஆகவே பார்வையிடும்போது அழகான குளத்தைப் பார்த்துத் திருப்தியடையாமல் அதன் பின்னாலுள்ள மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். வளர்த்துச் சலித்த மீன்களை ஏரியிலும் கோயில் தீர்த்தத்திலும் கொண்டுபோய் விடுவதைப் புண்ணியமென்று நினைப்போரையும் தடுக்கவேண்டும். தொட்டியின் நோயும் சேர்ந்தே அங்கே போகிறது, கிளறும் கெண்டையால் தீர்த்தமும் கலங்குகிறது. விடுதி கட்டுவோர் மனுவோடு கொண்டுவரும் வரைபடத்தில் அலங்காரக் குளம் காட்டப்பட்டிருந்தால், வடிகட்டித் தொட்டி எங்கே, அதன் கொள்ளளவு என்ன, கழிவு நீர் எந்த மரத்துக்கு, நிரம்பி வழியும் மழைநீர் எந்த வாய்க்காலுக்கு என்னும் நான்கு கேள்விகளைக் கேட்டு, விடையை அந்த வரைபடத்திலேயே குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது, தளம் போட்டு முடிவதற்கு முன் செய்யவேண்டிய வேலையாகும்.